ரேஷன் கடையில் ஒரு சிவப்பு விளக்கு

ரயில்வே சிக்னல் வேலைக்கு வருபவனுக்கு முதல் பாடம் ஒன்றுதான். கம்பி அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும், ரிலே கெட்டாலும் சிக்னல் தானாகவே சிவப்புக்கு வந்துவிட வேண்டும். கோளாறு என்றால் வண்டி நிற்கட்டும். நின்ற வண்டியால் உயிருக்கு ஆபத்தில்லை. பயணிகள் நம்மைத் திட்டுவார்கள், அவ்வளவுதான்.

ரேஷன் கடையில் இன்றுள்ள கைரேகை இயந்திரமும் ஏறக்குறைய இதே முறையில்தான் வேலை செய்கிறது. ரேகை பொருந்தவில்லை, நெட்வொர்க் இல்லை, சர்வர் பதில் சொல்லவில்லை என்றால் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். ஆனால் இங்கே நிற்பது வண்டியல்ல, அடுப்பு. நிறுத்துவது பத்திரம் என்ற ரயில்வே விதி இங்கே செல்லாது. என் போன்ற இன்ஜினீயர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று உறைப்பதில்லை.

ரேஷனில் திருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது பலவகை. இல்லாத ஆளின் பெயரில் அட்டை வைத்து வாங்குவது ஒன்று. கிடங்கிலிருந்து கடைக்கு வரும் வழியிலேயே மூட்டைகள் மறைவது இன்னொன்று. மூன்றாவது, எடையில் குறைப்பது. ரேகை இயந்திரம் முதலாவதைத்தான் நேராகத் தடுக்கும். அந்த்யோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. ரேகையை 35 கிலோவுக்கு வாங்கிக்கொண்டு 32 கிலோ அளந்து போடும் கடைக்காரரை இயந்திரம் என்ன செய்யும்? ஒழுங்காக 35 கிலோவுக்கு ரசீது அடித்துக் கொடுக்கும்!

ஜார்க்கண்டில் வசிக்கும் நம்மவர்களுக்கு 2017ஆம் ஆண்டு நினைவிருக்கும். அங்கே சிம்டேகா மாவட்டத்தில் அந்தச் செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதாருடன் இணைக்காததால் அட்டையை ரத்து செய்துவிட்டார்கள், அதனால் பட்டினி என்றது குடும்பம். இல்லை, மலேரியா என்றது அரசுத் தரப்பு. எது எப்படியோ, அரிசி தேவைப்பட்ட ஒரு வீட்டின் அட்டைதான் ரத்தாகியிருந்தது.

அதே மாநிலத்தில் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய மூன்று பொருளாதார நிபுணர்கள் 10 மாவட்டங்களில் ஆய்வு செய்தார்கள். ரேகைச் சோதனையால் மட்டும் கசிவு குறைந்ததாக அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் ஆதாரை முன்பே இணைத்திராத குடும்பங்களுக்குக் கிடைத்து வந்த பொருளின் மதிப்பு சுமார் 10 சதவீதம் குறைந்துவிட்டது. திருடனுக்கு வைத்த பொறியில் யார் மாட்டினார்கள் பாருங்கள். கல் உடைத்தும் சிமென்ட் கலந்தும் ரேகை தேய்ந்தவர்கள், வயதானவர்கள், தொழுநோயால் விரல் இழந்தவர்கள் - இவர்களுக்குத்தான் ரேஷன் மிகவும் தேவை. இயந்திரத்துக்கு இவர்களைத்தான் அடையாளம் தெரிவதில்லை.

வேறு வழி இருக்கிறது. சத்தீஸ்கரில் 2004 முதல் ரேஷன் கடைகளைத் தனியாரிடமிருந்து எடுத்து, பஞ்சாயத்துகளிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் மகளிர் குழுக்களிடமும் கொடுத்தார்கள். அரசே கடை வாசல் வரை தானியத்தைக் கொண்டுபோய் இறக்கியது. லாரிகளுக்கு மஞ்சள் வர்ணம் அடித்தார்கள். மூட்டை கிளம்பியதும் ஊராருக்கு எஸ்.எம்.எஸ். போனது. மஞ்சள் லாரி தப்பான சந்தில் நுழைந்தால் யார் கண்ணுக்கும் தப்பாது. கசிவு வெகுவாகக் குறைந்தது. இத்தனைக்கும், சோதனை முழுவதும் சரக்கின் மேல்தான்; சாப்பிடுகிறவரின் விரல் மேல் அல்ல. கசியும் குழாயை அடைக்க, தண்ணீர் பிடிக்க வந்தவளின் குடத்தைப் பிடுங்குவானேன்?

கைரேகையே கூடாது என்பதல்ல என் கட்சி. ரேகை பொருந்தாவிட்டால் அது கடைக்காரருக்கும் அதிகாரிக்கும் ஒரு வேலையாக முடிய வேண்டும். அட்டைதாரருக்குத் தண்டனையாக முடியக்கூடாது. முதலில் அரிசியைக் கொடு, பதிவேட்டில் எழுது, பிறகு விசாரி. ஆதார் இல்லை, ரேகை பொருந்தவில்லை என்று எவருக்கும் பொருளை மறுக்கக் கூடாது, அட்டையை நீக்கவும் கூடாது என்று மத்திய உணவுத் துறையே 2017 அக்டோபரில் மாநிலங்களுக்கு எழுதியது. கடை வாசலில் நிற்பவருக்கு அந்தக் கடிதம் தெரிய வேண்டுமே!

நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள், குடியிருப்பு வாட்ச்மேன்கள் பலர் இந்த அட்டையை நம்பித்தான் இருக்கிறார்கள். ரேகை விழவில்லை என்று யாராவது திரும்பி வந்தால், கருவிழிச் சோதனையோ மொபைலுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணோ உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால், 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டம்தோறும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவர் உண்டு. அவருக்கு மேல் மாநில உணவு ஆணையம். மனுவை இந்தியில் எழுதத் தெரிந்தவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மனுவில் அட்டை எண், கடை எண், திருப்பி அனுப்பப்பட்ட தேதி ஆகிய மூன்றும் இருக்கட்டும். ஒரு நகலில் முத்திரை போட்டு வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.