எண்ணூறு டாலர் நஷ்டஈடு

1983-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி அதிகாலையில், அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்து அங்கோலா சிறைச்சாலையில், கைவிலங்கும் கால்விலங்கும் பூட்டி நடத்திச் செல்லப்பட்ட ஹட்சன் என்ற கைதியை ஒரு வார்டர் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து உதைக்க, மற்றொருவர் வாயிலும் கண்ணிலும் மார்பிலும் குத்தினார். உடனிருந்த மேலதிகாரியோ, விளையாட்டு அளவு மீற வேண்டாம் என்று சொன்னதோடு தம் கடமை தீர்ந்ததாகக் கருதினார். பற்கள் ஆட்டங்கண்டன; முகம் வீங்கிற்று.

மூவர் மீதும் ஹட்சன் தொடுத்த வழக்குக்கு ஆதாரம், விடுதலை பெற்ற கறுப்பு மக்களைக் கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தாரிடமிருந்து காப்பதற்கென 1871-இல் பிறந்த சட்டம். அதே 1871-இல்தான், தண்டனை பெற்றவன் அரசாங்கத்தின் அடிமையே என்று வர்ஜீனியா நீதிமன்றமொன்று தீர்ப்பெழுதிற்று. அந்த மனோபாவத்தின் காரணமாகச் சட்டம் சிறைமதிலைத் தாண்டப் பல தசாப்தங்கள் பிடித்தன. சமய நூல்கள் மறுக்கப்பட்ட இல்லினாய்ஸ் முஸ்லிம் கைதியொருவரின் வழக்கு ஏற்கத்தக்கதே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1964-இல்.

ஹட்சனுக்கு மாஜிஸ்திரேட் அளித்த நஷ்டஈடு 800 டாலர். காயம் அற்பமானது என்று மேல்முறையீட்டு மன்றம் அதையும் ரத்துசெய்தது. 1992-இல் ஏழு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக உச்ச நீதிமன்றம் அந்த அபிப்பிராயத்தைத் தள்ளிற்று: துன்புறுத்தும் துவேஷத்தோடு பலத்தைப் பிரயோகித்தால், காயம் பெரிதோ சிறிதோ, அரசியல் சட்டம் மீறப்பட்டதேயாம், இல்லையேல் தழும்பு விடாத சித்திரவதைகள் யாவும் அனுமதிக்கப்பட்டவையாகிவிடும்.

நான்கே ஆண்டுகளில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், கைதிகளின் வழக்குகளைக் கட்டுப்படுத்த வேறொரு சட்டம் செய்தது. கைதிகள் அற்ப விஷயங்களுக்கெல்லாம் வழக்காடுகிறார்கள் என்பதற்கு, வேர்க்கடலை வெண்ணெய் வேறு ரகமாயிருந்ததற்காக ஒருவர் கோர்ட்டுக்குப் போனார் என்ற கதை அக்காலத்தில் ஊரெங்கும் பரவியிருந்தது. திருப்பிக் கொடுத்த பொருளுக்குத் தம் கணக்கில் திரும்ப வராத இரண்டரை டாலரையே அவர் கேட்டார் என்பதை ஜான் நியூமன் என்ற நீதிபதி எடுத்துக்காட்டியும், கதையின் வேகத்தை உண்மை எட்டிப் பிடிக்கவில்லை.

1996-இன் அச்சட்டப்படி, கைதி வழக்குத் தொடுக்குமுன் சிறையின் மனுமுறை முழுவதையும் கடந்தாக வேண்டும். அடித்தவரின் சகாக்கள் அமர்ந்திருக்கும் அலுவலகத்திலேயே முதல் மனுவைக் கொடு என்னும் இவ்விதி, 1992-இன் தீர்ப்பு திறந்த வாயிலில் வார்டர்களின் துறையையே காவல் நிறுத்துவதாகும் என்பது என் துணிபு. மனுக் கொடுக்கக் கலிபோர்னியச் சிறையில் அப்போதிருந்த 15 வேலைநாள் கெடுவைத் தவறவிட்டவருக்கு வழக்காடும் பாத்யதையே இல்லை என்று 2006-இல் தீர்ப்பளித்ததும் அதே உச்ச நீதிமன்றந்தான்.