பங்கு போடாத நிலம்



மாடம்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு நிலம் என்ன விலை போகிறது என்று நம்மில் தெரியாதவர்கள் குறைவு. நெல் விளைந்த வயல்கள் மனைகளாகிவிட்டன. பாட்டனார் விட்டுச்சென்ற நிலம் பிள்ளைகளுக்கு மூன்றாகவும், பேரப்பிள்ளைகளுக்கு ஒன்பதாகவும் பிரிகிறது. பிரித்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால், சிலவற்றைப் பிரித்தால் அவை இல்லாமலே போய்விடும். காடு அப்படிப்பட்டது.

இலங்கையின் தம்புள்ளைக்கு அருகே, கண்டலமைக்குச் செல்லும் சாலையில் ஒரு மரவனம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலை விட்டுவந்த சாம் பொப்பம் என்னும் ஆங்கிலேயர் 1963-இல் அதைத் தொடங்கினார். அன்று அது சேனைப் பயிருக்காக வெட்டி எரித்து, பின்னர் கைவிடப்பட்ட முட்காடு.

அவர் கண்டுகொண்ட உண்மை எளியது. மேலே காடு அழிந்தாலும், மண்ணுக்குள் பழைய மரங்களின் வேர்களும் விதைகளும் உயிரோடு இருக்கின்றன. அவை துளிர்த்தாலும் முட்புதர் அமுக்கிவிடுகிறது. ஆகவே, புதிய கன்றுகளை நடுவதைவிட, தானே முளைத்த கன்றுகளைச் சுற்றிப் புதரை நீக்கி வெளிச்சம் விடுவதையே அவர் வழியாகக் கொண்டார். கருங்காலியும் முதிரையும் பாலையும் மெல்ல எழுந்தன. இன்று அங்கே செல்பவர்கள் பகலில் மரநிழலில் நடக்கிறார்கள். இரவில் சிவப்பு விளக்கின் ஒளியில் தேவாங்கைத் தேடுகிறார்கள்.

கருங்காலி முதிர்ந்து வைரம் பாய ஒரு மனித ஆயுள் போதாது. நட்டவர் கண்ணை மூடியபின்னும் மரம் நிற்க வேண்டுமானால், அதைக் காக்க வேறு கைகள் வேண்டும். இதை உணர்ந்த பொப்பம், 1989-இல் தம் வனத்தைக் கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். இருபத்தாறு ஆண்டு உழைப்பை இன்னொருவர் கையில் கொடுப்பது எளிதல்ல. ஆனால், அன்று கொடுத்ததால்தான் அது துண்டாகாமல் காடாகவே நிற்கிறது.

இவ்வளவு நிலம் நம்மிடம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். நம் வீட்டுப் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்து பிரித்தவர்களும், கிணற்றையும் நடைபாதையையும் பொதுவில் விட்டிருப்பார்கள். கிணற்றைப் பிரித்தால் யாருக்கும் தண்ணீர் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அறுவடையில் வயலோரக் கதிரை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடச் சொல்லும் லேவியர் நூலும் இதே மனத்தைத்தான் கேட்கிறது.

அடுத்த முறை நம் குடும்பத்தில் நிலம் பிரிக்க அமரும்போது, கொல்லையில் நிற்கும் வேப்பமரத்தையும் அந்தப் பொதுவில் சேர்ப்போம். எல்லைக்கல் அதைத் தாண்டி விழட்டும்.