இரும்புக்கடையில் எழுந்த விண்ணுலகம்

ஒரு பொருளை மற்றொன்றோடு ஒப்பிடுங்கால் அவ்வொப்புமை வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின்வழித் தோன்றும் என்பது தொல்காப்பியர் கொள்கை. மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். செய்யுளுக்கு வகுத்த இவ்விலக்கணம் திரைப்படக் கலைக்கூடத்திற்கும் பொருந்துமோ என ஐயுறுவார் உளர். அறிவியல் புனைகதைப் படங்களில் வரும் கருவிகள் எவ்வாறு உருவாயின என்று நோக்கின் அவ்வையம் அகலும்.

1963 டிசம்பர் 21 அன்று பிரிட்டனில் பி.பி.சி. தொலைக்காட்சி 'டாக்டர் ஹூ' தொடரின் ஒரு பகுதியை ஒளிபரப்பிற்று. அதன் இறுதியில் ஒரு பெண் அஞ்சி அலறுகின்றாள். அவளை நோக்கி நீண்ட ஒரு கை மட்டுமே திரையில் தெரிகின்றது. அக்கைக்கு உரிய 'டாலெக்' என்னும் பகைவரின் முழு உருவைக் காண மக்கள் ஒரு வாரம் காத்திருந்தனர். அக்கையின் நுனியில் இருந்தது, கழிநீர்த் தொட்டியின் அடைப்பை நீக்கப் பயன்படும் ரப்பர்க் கிண்ணமே! ரேமண்ட் கியூசிக் என்னும் வடிவமைப்பாளர் குறைந்த செலவில் செய்த ஏற்பாடு அது.

இதனினும் புகழ்பெற்றது 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஒளிவாள். லண்டனுக்கு அருகிலுள்ள எல்ஸ்ட்ரீ கலைக்கூடத்தில் அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பேற்றிருந்தவர் ரோஜர் கிறிஸ்டியன். பழைய புகைப்படக் கருவிகள் விற்கும் கடை ஒன்றில் அவர் கண்ணில் பட்டது, 'கிராஃப்ளெக்ஸ்' நிறுவனத்தின் ஃபிளாஷ் விளக்குக் கைப்பிடி. உள்ளே பேட்டரி இடும் உலோகக் குழல் அது. பிடிமானத்திற்காக அதன்மேல் கறுப்புப் பட்டைகளை ஒட்டினார். சட்டைப்பைக் கால்குலேட்டரில் எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ்ப் பட்டையை நடுவில் பொருத்தினார். வாள் பிறந்துவிட்டது. படைவீரர் துப்பாக்கிகளோ மெய்யான ஸ்டெர்லிங் துப்பாக்கிகளின்மேல் பட்டைகள் ஒட்டப்பெற்றவை. விண்கலங்களின் உட்சுவர்களை உடைந்த விமானப் பாகங்கள் அணி செய்தன. நம் வழக்கில் கூறின், அனைத்தும் காயலான் கடைச் சரக்கு! அப்படத்தின் கலையமைப்பிற்கு 1978இல் ஆஸ்கார் விருது கிட்டியது. விருது பெற்ற நால்வருள் கிறிஸ்டியனும் ஒருவர்.

இவை ஏன் நம்பத்தக்கனவாயின? அக்கைப்பிடி முன்னரே ஒரு தொழிலுக்கெனச் செய்யப்பட்டது. அதன் பொத்தானும் திருகும் காரணத்தோடு அமைந்தவை. தொழில் இன்னதென அறியாவிடினும், ஏதோ ஒரு தொழில் உண்டு என்பதைக் கண் உணர்ந்துகொள்கின்றது. மெய்யையும் வினைக்குறிப்பையும் இருத்திப் பெயரை மட்டும் மறைத்தலே இக்கலையின் நுட்பம் என்பது என் கருத்து. இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 1966இல் 'ஸ்டார் டிரெக்' தொடருக்காகப் புதுமையான உப்புக் குப்பிகள் வாங்கப்பெற்றன. அவை உப்புக் குப்பி என்றே விளங்கா என அஞ்சிக் கதைக்குச் சாதாரணக் குப்பிகளையே வைத்தனர். புதுமையானவை மருத்துவரின் சிகிச்சைக் கருவிகளாயின.

கல்லூரி ஆண்டு விழாக்களில் அறிவியல் நாடகம் எழுதும் மாணவர், அரங்கப் பொருளுக்குப் பணமில்லை எனக் கூறி மீண்டும் அரசவை நாடகத்திற்கே திரும்புதல் வருந்தத்தக்கது. (கிரீடத்திற்கும் வாடகை உண்டு என்பதை அவர் மறந்துவிடுகின்றனர்.) பி.வி.சி. குழாய், எல்போ, குழாய் மூடி, சைக்கிள் கைப்பிடி உறை, பழுதான ரேடியோவின் திருகுகள் ஆகியன போதும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் வண்ணம் நில்லாது. ஆதலின் முதலில் உப்புத்தாள் கொண்டு தேய்த்தல் வேண்டும். பின் கறுப்பு வண்ணம் பூசி, அது உலர்ந்தபின் வெள்ளி வண்ணத்தை மெல்லப் பூசுக. இடுக்குகளில் நீர்த்த கறுப்பை விட்டுத் துணியால் துடைப்பின், பல்லாண்டு புழங்கிய உலோகத் தோற்றம் வரும். கைபடும் விளிம்புகளில் மட்டும் சற்றே தேய்த்துவிடுதல் நலம். எங்கும் ஒரே சீராகத் தேய்ப்பின் பொய் வெளிப்படும். பி.வி.சி. குழாயை நெருப்பில் காட்டி வளைத்தல் கூடாது. கருகினால் எழும் ஆவி மூச்சுக்குழலைத் தாக்கும். அறுத்து எல்போவால் இணைத்தலே தக்கது.

மற்றொன்று: குழாயின்மேல் அச்சிட்டிருக்கும் நிறுவனப் பெயரையும் அளவையும் தேய்த்து நீக்க மறத்தலாகாது. முன்வரிசையில் அமரும் சிறுவர் அதனைத்தான் முதலில் படிப்பர்.