கொட்டகைக்கு ஒரு கூரை: தகட்டின் விலையும் மழையின் கணக்கும்

தோட்டத்தின் மூலையில் ஒரு சிறு கொட்டகை நம்மில் பலரது வீட்டில் உண்டு. மண்வெட்டி, மருந்து தெளிப்பான், உர மூட்டை, பழைய மிதிவண்டி, சில வீடுகளில் நீர் இறைக்கும் மோட்டாரும் அதில்தான் இருக்கும். வீடு கட்டும்போது மாதக்கணக்கில் யோசிக்கும் நாம், இந்தக் கொட்டகைக்குக் கூரை வேய்வதற்கு அரைநாள்கூட ஒதுக்குவதில்லை. கடையில் எது மலிவோ அதை வாங்கி ஆணியடித்துவிடுகிறோம். மூன்று மழைக்காலம் கழிந்ததும் கூரை ஒழுகுகிறது. யூரியா கல்லாக இறுகுகிறது. மோட்டாரின் சுருள் நனைந்து புகைகிறது. கூரையில் மிச்சம் பிடித்த தொகையைவிடப் பன்மடங்கு அதன் கீழிருந்த பொருள்களில் போய்விடுகிறது. ஆகவே, மழை தொடங்குமுன் இதனைச் சற்று நிதானமாகக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

மழையின் கணக்கு

8 அடிக்கு 10 அடி அளவுள்ள கொட்டகையை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 7.4 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அக்கூரையின் மீது 740 லிட்டர் நீர் விழுகிறது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் பதிவான 944 மில்லிமீட்டர் மழை இதே கூரையின் மீது பெய்திருந்தால், ஒரே நாளில் ஏறத்தாழ 7,000 லிட்டர். இவ்வளவு நீரைத் தாங்கி நிற்பது கூரையின் வேலையன்று. தங்கவிடாமல் விரைந்து வழியவிடுவதே அதன் வேலை.

எனவே, எந்தப் பொருள் என்று கேட்பதற்கு முன் எவ்வளவு சாய்வு என்று கேட்க வேண்டும். நெளிவுத் தகட்டுக்கு ஆறுக்கு ஒன்று என்ற சாய்வு பொருத்தமானது. அதாவது, 8 அடி அகலத்துக்கு ஒரு பக்கம் மற்றதைவிட 16 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். ஓட்டுக்கு இது போதாது. 30 பாகை அளவு சாய்வு வேண்டும். இருபுறமும் சரியும் ஓட்டுக்கூரையானால், 8 அடி அகலத்துக்கு முகடு சுவரைவிட ஏறத்தாழ இரண்டேகால் அடி உயர்ந்திருக்க வேண்டும். சாய்வு குறைந்த கூரையில் எவ்வளவு விலையுயர்ந்த தகட்டைப் போட்டாலும், காற்றோடு வரும் மழை இணைப்புகளின் வழியே உள்ளே ஏறிவிடும்.

எந்தப் பொருள்?

நாடெங்கும் மிகுதியாக விற்பது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. மக்கள் இதனை ஜி.ஐ. ஷீட் என்பர். இதன் ஆயுளை முடிவு செய்வது இரும்பின் தடிமன் மட்டுமன்று. மேலுள்ள துத்தநாகத்தின் அளவும் ஆகும். ஒரு சதுர மீட்டருக்கு இருபுறமும் சேர்த்து 120 கிராம் பூசியதும் உண்டு, 275 கிராம் பூசியதும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். உப்புக் காற்று வீசும் கொங்கணத்திலும் ஒடிசாக் கரையிலும் மெல்லிய பூச்சு விரைவில் கரைந்து துருவாகிவிடும். ஐ.எஸ். 277 என்னும் இந்தியத் தர எண்ணும் பூச்சின் அளவும் தகட்டில் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்த்து வாங்குவது நன்று.

அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய தகடு இதனினும் பொதுவாக நீடித்து உழைக்கும். அந்தப் பூச்சில் 55 விழுக்காடு அலுமினியம். அதன்மேல் வண்ணமும் பூசியிருந்தால் வெயிலையும் மழையையும் இன்னும் நன்கு தாங்கும். ஆனால், ஆடு மாடு கட்டும் கொட்டகைக்கு இது ஏற்றதன்று. சாணத்திலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் எழும் அம்மோனியா இப்பூச்சை அரித்துவிடும். ஈரச் சிமெண்டுக் கலவையும் செம்புக் குழாயும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்நார்த் தகடு எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் இன்றும் நம் நாட்டில் விற்பனையில் உள்ளது. துருப்பிடிக்காது, மலிவானது என்பவை அதன் கவர்ச்சிகள். எனினும், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்துள்ளது. தகட்டை அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் நுண்ணிழைகளே ஆபத்து. புதிதாக வாங்குவோருக்கு நம் பரிந்துரை, இதனைத் தவிர்க்க வேண்டும் என்பதே. கல்நார் கலவாத நார்ச் சிமெண்டுத் தகடுகளும் கிடைக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கலாம். ஏற்கனவே கல்நார்க் கூரை உள்ளோர் அதனை உடைத்துக் குப்பையில் எறியவோ, உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் தேய்க்கவோ கூடாது. அகற்றத்தான் வேண்டுமெனில், நீர் தெளித்து நனைத்து, தகட்டை முழுதாகக் கழற்றுவிக்க வேண்டும்.

ஓடு என்றதும் நினைவுக்கு வருவது மங்களூர் ஓடு. 1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய வடிவம் இது. கோடையில் குளுமை தரும்; ஓர் ஓடு உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 கிலோ எடை. தகட்டுக் கூரையைப்போல் இதன் எடை பத்து மடங்காதலால் மரச்சட்டம் வலுவாக இருக்க வேண்டும். தென்னை மரத்தடியிலும் குரங்குகள் நடமாடும் ஊரிலும் ஓடு மாற்றும் செலவு ஆண்டுதோறும் வரும்.

பாலிகார்பனேட் போன்ற ஒளி ஊடுருவும் தகடுகளில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் வானத்தை நோக்க வேண்டும்; மாற்றிப் போட்டால் வெயிலில் மஞ்சளித்து நொறுங்கிவிடும். கூரை முழுவதையும் இதனால் மூடுவதைவிட, இரும்புத் தகடுகளுக்கிடையே ஒன்றை மட்டும் வைத்து வெளிச்சம் பெறுவது நல்லது.

காற்றின் கணக்கு

மழைக்கு அஞ்சும் நாம் காற்றை மறந்துவிடுகிறோம். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகட்டின் எடை சதுர மீட்டருக்கு 4 கிலோதான். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அளவுக்கு அழுத்தம் தர வல்லது. கூரையைப் பொறுத்தவரை இவ்விசை பெரும்பாலும் மேல்நோக்கி இழுப்பதாகவே அமையும். 2019ஆம் ஆண்டு மே 3 அன்று பூரி அருகே ஃபானிப் புயல் கரையேறியபோது வீசியது இவ்வகைக் காற்றே. பிடுங்கிப் பறக்கும் தகடு நமக்கு வெறும் இழப்பு. தெருவில் நிற்பவருக்கோ அது கத்தி.

ஆதலால் தூண்களைக் கான்கிரீட்டில் ஊன்றுவதும், குறுக்குச் சட்டங்களைத் தூணோடு இறுகப் பிணைப்பதும் இன்றியமையாதவை. நெளிவுத் தகட்டில் திருகாணி நெளிவின் மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் அன்று. பள்ளத்தில்தான் நீர் ஓடுகிறது. ஒவ்வொரு திருகாணிக்கும் ரப்பர் வாஷர் வேண்டும். வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினாலும் ஒழுகும், தளர்வாக விட்டாலும் ஒழுகும். கூரையின் விளிம்புகளில் காற்றின் இழுப்பு மிகுதி. அங்கே திருகாணிகள் நெருக்கமாக இருக்கட்டும். மேல் தகடு கீழ்த் தகட்டின் மீது குறைந்தது 6 அங்குலமும், பக்கவாட்டில் ஒன்றரை நெளிவும் படிய வேண்டும். மழைக்காற்று எத்திசையிலிருந்து வருமோ அதற்கு எதிர்த்திசையிலிருந்து தகடு பாவத் தொடங்கினால், இணைப்பின் வாய் காற்றுக்கு முகம் காட்டாது.

பணத்தின் கணக்கு

கணக்கின் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கூரை 6,000 ரூபாயில் முடிந்து 5 ஆண்டுகள் நிற்கிறது. மற்றொன்று 11,000 ரூபாய் ஆகி 15 ஆண்டுகள் நிற்கிறது. முன்னதன் செலவு ஆண்டுக்கு 1,200 ரூபாய். பின்னதன் செலவு ஏறத்தாழ 733 ரூபாய். மலிவென்று நினைத்ததே விலை மிக்கதாகிறது. வாங்கும்போது தகட்டின் மீதுள்ள விலையை விடுத்து, ஆண்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

இத்தகைய சிறு செலவுக்குக் கடன் தேவையில்லை. மாதம் 100 ரூபாய் வீதம் 10 ஆண்டுகள் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தினால் அசல் மட்டுமே 12,000 ரூபாய். வட்டி அதற்கு மேல். இன்றைய கூரை தேயும்போது அடுத்த கூரைக்கான பணம் பெரும்பாலும் ஆயத்தமாக இருக்கும்.

வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருப்போர் கொட்டகையும் அதில் அடங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா போன்ற பாலிசிகள் புயல், வெள்ளச் சேதங்களுக்கு ஈடு தருகின்றன. எனினும், வீட்டிலிருந்து விலகி நிற்கும் கட்டுமானம் எந்த அளவுக்கு அதில் சேரும் என்பதைப் பாலிசியைப் படித்தும், காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டும் தெளிந்துகொள்வதே பாதுகாப்பு.

கடைக்குச் செல்லுமுன்

1. கொட்டகையின் நீள அகலத்தையும் தர வேண்டிய சாய்வையும் தாளில் எழுதிக்கொள்க.
2. தகட்டின் தடிமன், பூச்சின் கிராம் அளவு, தர எண் மூன்றையும் கேட்டு, ரசீதிலும் எழுதச் சொல்க.
3. ஐயமிருந்தால் தகட்டை எடை போடுக. 4 அடி அகலச் சுருளிலிருந்து நெளித்த அரை மில்லிமீட்டர் தகடு, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 4.8 கிலோ இருக்கும். வெகுவாகக் குறைந்தால் தடிமன் குறைவு.
4. திருகாணி, வாஷர், முகட்டுத் தகடு, ஆள்கூலி ஆகியவற்றையும் சேர்த்தே இரு கடைகளின் விலையை ஒப்பிடுக.
5. ரசீதையும் உத்தரவாத அட்டையையும் வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்க.

கூரை போட்ட பின்னும் ஆண்டுக்கொருமுறை, முதல் மழைக்கு முன், ஏணி வைத்துச் சருகுகளை அகற்றித் தளர்ந்த திருகாணிகளை இறுக்கினால் போதும். அந்த ஒரு மணி நேர உழைப்பு கூரையின் ஆயுளை நீட்டிக்கும். தகட்டின் மீது கால் வைக்கும்போது மட்டும், அடியில் சட்டம் ஓடும் இடமாகப் பார்த்து வைப்போமாக.