பிரதியின் பிரதி: மலாக்கா அரண்மனை

மலாக்காவில் புனித பால் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் மர அரண்மனை சுல்தான் மன்சூர் ஷாவுடையது (ஆட்சி: 1459-1477) என்கிறார்கள். உண்மையில் இது 1986-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம். பழைய அரண்மனையின் தூண் ஒன்றுகூட இதில் இல்லை. கையிலிருந்தது எழுத்துதான்: 'செஜாரா மெலாயு'. 1511-இல் போர்த்துக்கீசியரிடம் நகரை இழந்த அரச மரபினர் நூறாண்டு கழித்து, 1612-இல், ஜொகூரில் தொகுக்கச் செய்த வரலாறு. ஆக, தோற்றவர்களின் நினைவை வாசித்துத்தான் தச்சர்கள் மரம் இழைத்திருக்கிறார்கள். தமிழில் பிரதி என்றால் எழுத்தும்தான், நகலும்தான். இங்கே ரெண்டும் ஒன்று.

உள்ளே ஹங் துவாவும் ஹங் ஜெபாட்டும் மோதும் சிலைக்காட்சி. விசாரணையே இல்லாமல் துவாவைக் கொல்லச் சொல்கிறான் சுல்தான். நண்பன் செத்துவிட்டானென்று நம்பிய ஜெபாட் கலகம் செய்து அரண்மனையைப் பிடிக்கிறான். ஒளித்துவைக்கப்பட்டிருந்த துவாவே திரும்பிவந்து, சுல்தானுக்காக அவனைக் கொல்கிறான். இது 'ஹிக்காயாட் ஹங் துவா' சொல்லும் கதை. செஜாரா மெலாயுவிலோ கலகக்காரன் ஹங் கஸ்தூரி. சுவர் ஒரு பிரதியிலிருந்து, சண்டை இன்னொன்றிலிருந்து. ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

துரோகி எனப்பட்ட ஜெபாட்டை, 1960-களில் உஸ்மான் அவாங்கின் நாடகமும் காசிம் அகமதுவின் ஆய்வும் நியாயம் கேட்டவனாக மறுவாசிப்புச் செய்தன. விசுவாசமா, நியாயமா என்ற அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. மரவேலையை மட்டும் வியந்துவிட்டு வெளியே வருகிறவர், தெரியாமலே சுல்தான் பக்கம் தீர்ப்பெழுதிவிட்டு வருகிறார்.