டிரெய்லரின் பின்விளக்குகள்

பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில், பாரிவாக்கத்தைக் கடந்து விடியற்காலையில் செல்லும் டிராக்டர்களை அன்பர்கள் கவனித்திருக்கலாம். முன்னே விளக்கு பளிச்சென்று எரிகிறது. பின்னே டிரெய்லர் இருளோடு இருளாக வருகிறது. வேகமாக வரும் லாரி ஓட்டுநர் அதைக் காணும்போது காலம் கடந்திருக்கும். ஏற்றியது கீரைக்கட்டானாலும் நூல் மூட்டையானாலும் அபாயம் ஒன்றே.

பழைய பல்புகள் குலுக்கலில் இழை அறுந்து போவதால் அங்கத்தினர் பலர் இப்போது எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்துகின்றனர். நல்லதே. இழையில்லாத விளக்கு ஆட்டத்துக்கு அஞ்சாது. 21 வாட் பல்பு எரிந்த இடத்தில் சில வாட்டே போதும். ஆனால் இந்தச் சிக்கனமே புது வண்டிகளில் சங்கடத்தை உண்டாக்குகிறது. மின்சாரம் குறைவாக ஓடுவதைக் கண்ட பழைய வகை பிளாஷர், பல்பு போய்விட்டதென்று எண்ணிப் படபடவெனத் துடிக்கும். புதிய பிக்கப் வண்டிகளிலோ கணினிப் பெட்டியே விளக்குகளைக் கண்காணிக்கிறது. சிலவற்றில் அது மின்சாரத்தைத் துண்டு துண்டாக விட்டுவிட்டு அனுப்பும். சூடான இழைக்கு அந்த இடைவெளி தெரியாது, எல்.இ.டி.யோ உடனுக்குடன் அணைந்து எரிந்து மினுக்கும்.

இதற்குக் கடைத்தெரு வைத்தியம் ரெசிஸ்டர். 12 வோல்ட்டில் 6 ஓம் ரெசிஸ்டர் 2 ஆம்பியர் இழுத்து, 24 வாட்டை வெறும் சூடாக்கும். விளக்கில் மிச்சம் பிடித்ததை அடுப்பில் கொட்டுவது போன்றதே இது! இரும்புச் சட்டத்தில் இறுக்காமல் பலகையிலோ வைக்கோல் படும் இடத்திலோ கட்டினால் தீயையே அழைத்ததாகும். சற்றுக் கூடுதல் செலவானாலும், டிரெய்லருக்கென்று விற்கும் ரிலே பெட்டியையே நாம் சிபாரிசு செய்வோம். அது வண்டி விளக்கிலிருந்து சைகையை மட்டும் பெறும். டிரெய்லருக்கு வேண்டிய மின்சாரத்தைத் தனி பியூஸ் வழியாக பாட்டரியிலிருந்து நேரே எடுத்துக்கொள்ளும்.

எந்தப் பெட்டி வைத்தாலும் எர்த் சரியில்லையேல் பயனில்லை. கொக்கியும் முளையும் எர்த்தைக் கடத்தும் என்று நம்பி விடுகிறார்கள்; துருவும் கிரீஸும் அதைத் தடுத்துவிடும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறதா? முதலில் எர்த்தையே சந்தேகியுங்கள். ஏழு முளை சாக்கெட்டில் 3-ஆம் முளை அதற்குரியது. வழக்கப்படி வெள்ளைக் கம்பி. இடது இண்டிகேட்டர் 1, வலது 4, பிரேக் 6, பின்விளக்குகள் 5-ம் 7-ம். கடைக் கம்பியின் நிறம் மாறலாம். ஆகையால் நிறத்தை நம்பாமல் சாக்கெட்டில் பொறித்த எண்ணைப் பார்த்தே இணைக்க வேண்டும். எல்.இ.டி.க்கு நேர்முனை, எதிர்முனை வேறுபாடு உண்டு. மாற்றி இணைத்தால் எரியாது. 24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் விளக்கைப் பொருத்துவதும் கூடாது.

வேலை முடிந்ததும் ஒருவரைப் பின்னால் நிறுத்தி, ஒவ்வொரு விளக்காகவும், பின்பு எல்லாவற்றையும் சேர்த்தும் எரித்துப் பாருங்கள். பாட்டரி ஓய்ந்து வண்டி நடுச்சாலையில் நின்றால் எந்த விளக்கும் உதவாது. அப்போது சிவப்பு ரிப்ளெக்டர்தான் காட்டிக்கொடுக்கும். அதன்மேல் அப்பிய சேற்றைப் புறப்படுமுன் கழுவிவிடுங்கள்.