நாலு பிள்ளை போனால் ஒரு டீச்சர் போவார்



ஜூன் மாதம் வந்தால் நம் குழுக் கூட்டத்தில் உள்கடன் கேட்பது பெரும்பாலும் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் வேன் ஃபீஸுக்கும்தான். அதிலும் டவுனை ஒட்டிய ஊராட்சிகளில் ரொம்ப அதிகம். பிளாட் போட்ட இடமெல்லாம் வீடாகிவிட்டது, ஜனம் கூடிவிட்டது. ஆனால் இப்படிப்பட்ட பல ஊர்களில் அரசுத் தொடக்கப் பள்ளியில் மட்டும் பிள்ளைகள் குறைகிறார்கள். ஏன்?

"அங்கே டீச்சரே இல்லையே, எப்படிச் சேர்க்கிறது?" என்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் எத்தனை டீச்சர் என்பது எப்படி முடிவாகிறது தெரியுமா? 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, 1 முதல் 5 வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1 அன்று உள்ள எண்ணிக்கையை வைத்து இந்தக் கணக்கைப் போடுகிறார்கள்.

ஒரு பள்ளியில் 64 பிள்ளைகள் என்று வையுங்கள். 3 டீச்சர் இருப்பார்கள். நாலு பிள்ளைகள் வேன் ஏறிவிட்டால் 60. உடனே ஒரு டீச்சர் 'உபரி' ஆகிவிடுவார். பணிநிரவலில் வேறு ஊருக்குப் போக வேண்டியதுதான். மிச்சமுள்ள இரண்டு பேர் ஐந்து வகுப்பையும் பார்க்கணும். அதில் ஒருவர் தலைமை ஆசிரியர், பதிவேடும் மீட்டிங்குமே அவருக்குச் சரியாகப் போகும். அதைப் பார்த்து அடுத்த வருஷம் இன்னும் பத்துப் பேர் விலகுவார்கள். இதில் பெற்றோரை மட்டும் குறை சொல்ல முடியாது. காலிப் பணியிடத்தை நிரப்ப வேண்டியது அரசின் பொறுப்பு.

சரி, படிப்பு எப்படி இருக்கிறது என்று எதை வைத்துப் பார்ப்பது? தமிழ்நாட்டில் 8-ஆம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சிதான். அதனால் 'பாஸ்' என்பதை வைத்து ஒன்றும் தெரியாது. டை, ஷூவை வைத்தும் தெரியாது! மூணாவது படிக்கிற பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் குழு ஊக்குநரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தனியார் பள்ளிப் பிள்ளைக்கும் இதே சோதனைதான்.

வாசிப்பு வரவில்லையா? பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்கணும் என்பது சட்டம். கூட்டத்துக்குப் போகாமல் நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள்.

கடன் வாங்கும் முன் இதையும் யோசியுங்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2023 முதல் காலை உணவு உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளை கல்லூரி போனால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. அப்படிப் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது.

ஃபீஸ் பாக்கி இருக்கிறது, டி.சி. தர மாட்டேன் என்கிறார்கள் என்று சில சகோதரிகள் தயங்குகிறார்கள். 8-ஆம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதமானாலும் அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. பிறந்த தேதிச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. ஆகஸ்ட் 1-க்கு முன்னாலேயே போய்ச் சேர்த்துவிடுங்கள்.